கப்பிக்குப் பதில் வளையமும் கயிறும்: கைவேலைக் குறிப்புகள்

கேள்வி: அண்ணா, 5.5 மீட்டர் நீளப் பாய்மரப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். கப்பிகளில் பாதி இறுகிக் கிடக்கின்றன, மீதி விரிசல். எல்லாவற்றையும் மாற்றினால் படகு வாங்கிய பணத்தைக் கப்பியே தின்றுவிடும் போலிருக்கிறது. ஒரு சக்கரம், ஓர் ஆணி, இரண்டு தகடு. இதற்கா இவ்வளவு? நாமே செய்துகொள்ள முடியாதா?

பிப்ரவரி 11, காலை

முடியும். ஆனால் சக்கரம் செய்யப் போகாதீர்கள், நான் அதில்தான் ஒரு வருடத்தைத் தொலைத்தேன்.

முதலில் படகில் எத்தனை கப்பி இருக்கிறது, ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று எழுதுங்கள். என் படகில் 14 இருந்தன. எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதில் ஆறேழு கப்பிகளில் கயிறு ஓடுவதே இல்லை. ஒரு முறை இழுத்துக் கட்டினால் அன்று முழுக்க அப்படியே நிற்கும், இல்லையென்றால் கயிற்றின் போக்கை இருபது முப்பது டிகிரி திருப்பிவிடும், அவ்வளவுதான். அந்த இடங்களுக்குச் சக்கரமே தேவையில்லை. வழவழப்பான ஒரு வளையம், அதைக் கட்டி நிறுத்த ஒரு துண்டு டைனீமா கயிறு (மிக வலுவான செயற்கை இழைக் கயிறு), போதும்.

பிப்ரவரி 11, இரவு

அவசரத்தில் வளையம் என்று மட்டும் எழுதிவிட்டேன். கடையில் விற்பது அலுமினியத்தில் கடைந்து, அனோடைஸ் செய்தது, அதாவது மேலே கெட்டியான ஆக்சைடு பூச்சு ஏற்றியது. உள்பக்கம் புனல் போல இரு புறமும் வளைந்திருக்கும், வெளிப்பக்கம் சுற்றிலும் பள்ளம். பள்ளத்தில் கட்டுக்கயிறு உட்காரும், துளைக்குள் ஓடுகயிறு போகும். ஓடும் பாகம் எதுவும் கிடையாது. கப்பி விலையோடு பார்த்தால் கொசுறு.

அதையும் வாங்க வேண்டாமென்றால் கடைசல் இயந்திரம் உள்ள நண்பர் ஒருவரைப் பிடியுங்கள். உள்விளிம்பின் வளைவு தாராளமாக இருக்கட்டும். நான் முதலில் 8 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை வளைத்துப் பற்றவைத்த சாதாரண வளையத்தைப் போட்டேன். 8 மி.மீ. கயிறு 8 மி.மீ. கம்பியின் மேல் மடங்கினால் என்ன ஆகும்? நல்ல கப்பிகளில் சக்கரத்தின் விட்டம் கயிற்றைப் போல எட்டு மடங்காவது இருக்கவேண்டும் என்பார்கள். நான் ஒரு மடங்கில் ஓட்டினேன். இரண்டே மாதத்தில் கயிற்றின் உறை பஞ்சு பஞ்சாக எழும்பி, பூனைவால் மாதிரி ஆனது.

பிப்ரவரி 14

எவ்வளவு பாரம் வரும் என்று கேட்டிருக்கிறீர்கள், நல்ல கேள்வி. முன்பாயின் தாமான் கயிற்றுக்கு, அதாவது பாயை இழுத்தும் தளர்த்தியும் பிடிக்கும் ஷீட்டுக்கு, படகுக்காரர்கள் புழங்கும் கணக்கு ஒன்று உண்டு: பாயின் பரப்பு சதுர மீட்டரில், அதைக் காற்றின் வேகம் எத்தனை நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்) என்பதன் வர்க்கத்தால் பெருக்கி, மறுபடி 0.021 ஆல் பெருக்கவும். விடை கிலோவில் வரும். 10 சதுர மீட்டர் பாய், 20 நாட் காற்று என்றால் 84 கிலோ. காற்று 10 நாட் என்றால் 21 கிலோதான். வேகம் பாதியானால் பாரம் கால்வாசி. காற்று சற்று ஏறினாலே படகு வேறு ஆளாகிவிடுவது இதனால்தான்.

ஆகவே 100 கிலோ தாங்கும் எதுவும் உங்கள் முன்பாய்க்குப் போதும்.

பிப்ரவரி 15

தப்பு. மேலே கடைசி வரியை அடித்துவிடுங்கள். நேற்று தூக்கத்தில் எழுதியிருக்கிறேன், ஒருவர் காலையிலேயே பிடித்துவிட்டார்.

84 கிலோ என்பது கயிற்றில் உள்ள இழுவிசை. கப்பியின் மேல் வரும் பாரம் கயிறு எவ்வளவு திரும்புகிறது என்பதைப் பொறுத்தது. 60 டிகிரி திரும்பினால் அதே 84. 90 டிகிரி என்றால் 1.41 மடங்கு, கிட்டத்தட்ட 119 கிலோ. போன வழியே திரும்பி வந்தால், அதாவது 180 டிகிரி, இரண்டு மடங்கு, 168 கிலோ. 30 டிகிரி மட்டும் திரும்பினால் பாதிக்குச் சற்று மேல்தான், 44 கிலோ. இதற்கு மேல் பாய் சட்டென்று உதறும்போது வரும் வெட்டு இழுப்பு வேறு. நான் கணக்கில் வருவதைப் போல மூன்று மடங்காவது தாங்குமா என்று பார்த்துத்தான் எதையும் மாட்டுவேன்.

180 டிகிரியில் திரும்பும் கயிற்றின் வளைவுக்குள் உட்காராதீர்கள். கப்பி பிய்ந்தால் கவண்கல் மாதிரி அந்தப் பக்கம்தான் வரும்.

பிப்ரவரி 23

சக்கரம் செய்த கதையைக் கேட்டிருக்கிறார்கள். சரி, மானம் போனாலும் பரவாயில்லை.

முதலாவது, காய் நறுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை. ஹெச்.டி.பி.இ. ரகம், வழுக்கும், தண்ணீர் குடிக்காது, ரம்பத்துக்கு வெண்ணெய் போல இடம் கொடுக்கும். வட்டமாக வெட்டி, துளையிடும் இயந்திரத்தில் மாட்டிச் சுழலவிட்டு, அரத்தால் பள்ளம் எடுத்தேன். கையில் சுற்றிப் பார்த்தால் அவ்வளவு அழகு. பெரிய பாயின் தாமானில் மாட்டினேன். மூன்றாவது வாரம் நடுத்துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவம். மிருதுவான பிளாஸ்டிக், பாரத்தில் நிறுத்தி வைத்தால் நகர்ந்துகொண்டே இருக்கும். கழற்றி மேசையில் உருட்டினேன், நொண்டிக்கொண்டே போய் விழுந்தது.

இரண்டாவது, நைலான். இது கெட்டியாயிற்றே என்று தடியிலிருந்து கடைந்து வாங்கினேன், ஆணிக்கும் துளைக்கும் நடுவே காகிதம்கூட நுழையாத அளவு நேர்த்தி. அந்த நேர்த்திதான் வினை. நைலான் தண்ணீர் குடித்து ஊதும். நான்கு நாள் நனைந்ததும் துளை சுருங்கி ஆணியைக் கவ்விக்கொண்டது, சக்கரம் நின்றுவிட்டது, கயிறு அதன் மேல் தேய்ந்து ஓடியது. அசிட்டால் எடுத்திருக்கவேண்டும், டெல்ரின் என்ற பெயரில் கிடைப்பது. அது தண்ணீரை அதிகம் இழுக்காது, கடைசலுக்கும் நன்றாக வரும். இன்று யாராவது சக்கரம் செய்தே தீருவேன் என்றால் அசிட்டாலும், 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு ஆணியும் என்பேன்.

மூன்றாவது, 3டி அச்சில் எடுத்த வளையம். பி.எல்.ஏ. பிளாஸ்டிக். 60 டிகிரியில் இளகும் பொருளை வெயிலில் காயும் தளத்தில் கட்டிவைத்தது யார் புத்தி? என் புத்திதான். மத்தியானம் போய்ப் பார்த்தேன், வளையம் ஒரு பக்கம் சாய்ந்து வாயைக் கோணிக்கொண்டு என்னைப் பார்த்தது.

மார்ச் 2

பெரிய பாயின் தாமானில் நான்கு மடங்கு இழுவைக்கு, அதாவது கயிறு போய்ப்போய் வந்து கை இழுப்பை நான்கு மடங்காக்கும் கட்டுக்கு, வளையம் போடலாமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். வாயால் சொல்வதற்கு அளந்தே பார்ப்போம் என்று தூக்குத் தராசை எடுத்தேன்.

ஒரே வளையம், 180 டிகிரி திருப்பம், ஒரு பக்கம் 10 கிலோ. மறுபக்கம் மெதுவாக இழுத்தால் 14 கிலோ அருகே வந்தபோது நகர்ந்தது. முலாம் பூசிய சொரசொரப்பான இரும்பு வளையத்தில் 18 வரை போனது. ஒரு திருப்பத்துக்கு இது. திருப்பம் கூடக் கூட உராய்வு கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். இதில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம்.

அடுத்து 20 கிலோ தண்ணீர்க் கேனை நான்கு மடங்குக் கட்டில் தொங்கவிட்டேன். கணக்குப்படி 5 கிலோ இழுப்பு போதும். பேரிங் கப்பிகளில் ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவு. வளையங்களில் ஏழரை! நான்கு மடங்கு என்று பெயர், கைக்கு வருவது இரண்டேமுக்கால்கூட இல்லை. பிறகு மெல்ல இறக்கிப் பார்த்தேன், 3 கிலோ பிடித்தாலே கேன் நிற்கிறது. ஏற்றும்போது எதிரியாக இருக்கும் உராய்வு, பிடித்து நிற்கும்போது கூட ஒரு கை. தாமானில் இது ஆபத்து: காற்று வீசி அடிக்கும்போது கயிற்றை விட்டால் உடனே ஓடவேண்டும், தயங்கித் தயங்கி ஓடினால் படகு சாய்ந்துவிடும்.

ஆகவே தாமானுக்கு வளையம் வேண்டாம். அங்கே காசைப் போடுங்கள்.

மார்ச் 3

ஆனால் ஒரு வழி இருக்கிறது, இரவு படுத்த பிறகு தோன்றியது. நான்கு மடங்கை ஒரே கயிற்றில் சுற்றிச் சுற்றி எடுக்காமல், இரண்டு மடங்கின் மேல் இன்னொரு இரண்டு மடங்காக அடுக்கலாம். முதல் கயிறு ஒரு வளையத்தை இழுக்கும், அந்த வளையத்தில் கட்டிய இரண்டாவது கயிறு அடுத்த வளையத்தை இழுக்கும். திருப்பம் மூன்றுக்குப் பதில் இரண்டுதான், அதுவும் வேறு வேறு கயிற்றில். எழுந்துபோய்க் கேனை மாட்டினேன், வீட்டில் திட்டு விழுந்தது. ஏழரை இருந்த இடத்தில் ஆறே முக்கால். வளையத்திலேயே கிட்டத்தட்ட மூன்று மடங்கு கிடைத்துவிட்டது.

குறை என்னவென்றால் இடம். பாரம் 30 செ.மீ. நகர, நடு வளையம் 60 செ.மீ. ஓடவேண்டும். பூமை (பெரிய பாயின் அடியில் கிடக்கும் கட்டையை) கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும் கிக்கருக்கும், பாய்மரத்தைப் பின்னால் இழுக்கும் பேக்ஸ்டேக்கும் இது பொருந்தும், அவை கொஞ்சம்தான் நகரும். என் கிக்கர் இப்போது இப்படித்தான் இருக்கிறது.

மார்ச் 4

கேனின் எடையைச் சேர்த்தீர்களா என்று ஒருவர். இல்லை. காலிக் கேன் முக்கால் கிலோ. ஒப்பீடு மாறாது, ஆனாலும் நீங்கள் தணிக்கைத் துறையில் வேலை செய்பவர் என்று நினைக்கிறேன்.

மார்ச் 19

ஆஞ்சானில், அதாவது பாயை ஏற்றும் ஹாலியார்டில், பாய்மர உச்சியில் வளையம் போட்டுவிட்டேன் என்று உற்சாகமாக எழுதியிருக்கிறீர்கள். கழற்றுங்கள். இதைச் செய்தவன் நான்.

ஏற்றும்போது கொஞ்சம் கனமாக இருக்கும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். ஏற்றுவதற்கு என் கை இருக்கிறது. இறங்குவதற்குப் பாயின் எடை மட்டும்தான் இருக்கிறது. என் பாய் நான்கைந்து கிலோ, கயிறோ உப்பேறி விறைத்தது, காற்று பாயைப் பாய்மரத்தோடு வைத்து அழுத்துகிறது. பாதி வழியில் நின்றுவிட்டது. காற்று ஏறிக்கொண்டிருந்த நேரம், பாதிப் பாய் படபடக்க, நான் தளத்தில் முட்டிபோட்டு இரண்டு கையாலும் துணியைப் பிடித்துக் கிணற்றில் வாளி இழுப்பது போல இழுத்தேன், வாளியாவது வரும். கரைக்கு வந்து பார்த்தால் உள்ளங்கை இரண்டிலும் தோல் இல்லை. மறுநாளே உச்சியில் பழைய பித்தளைச் சக்கரத்தைத் திரும்ப மாட்டினேன்.

கை விட்டால் தானாக ஓடவேண்டிய கயிறு எதுவோ, அதற்குச் சக்கரம். பிப்ரவரியிலேயே இதை இப்படிச் சொல்லியிருக்கலாம், அப்போது எனக்கே இவ்வளவு தெளிவில்லை.

ஏப்ரல் 6

கட்டுக்கயிறு பற்றி. டைனீமாவில் முடிச்சுப் போட்டால் பலத்தில் பாதிக்கு மேல் போய்விடும், வழுக்கி அவிழவும் செய்யும். ஸ்பிளைஸ் போடவேண்டும், அதாவது கயிற்றின் வாலை அதன் வயிற்றுக்குள்ளேயே புதைப்பது. புதைக்கும் நீளம் விட்டத்தைப் போல 72 மடங்கு என்பது வழக்கம். 5 மி.மீ. கயிற்றுக்கு 36 செ.மீ. வளையத்தைச் சுற்றும் கட்டோ மொத்தமே ஒரு சாண். எங்கே புதைப்பது?

இதற்கு நான் கண்ட வழி, தடித்த கயிறு வேண்டாம். 3 மி.மீ. கயிற்றை எடுத்து, வளையத்தின் பள்ளத்துக்கும் தளத்துக் கொக்கிக்கும் நடுவே ஐந்தாறு சுற்று சுற்றி, கடைசியில் நடுவே இறுக்கிச் சுற்றி முடிச்சுகள். பாரம் பத்துப் பன்னிரண்டு இழைகளுக்குப் பங்காகிவிடும், முடிச்சுக்கு வருவது மிகக் கொஞ்சம். வால்நுனியை ஊசியால் கோத்துத் தைத்துவிடுவேன்.

இன்னொன்று: கட்டு வளையத்தை முழுவட்டமாகச் சுற்றி இருக்கட்டும். வளையம் உடைந்தாலும் ஓடுகயிறு அந்தக் கட்டுக்குள்ளேயே நிற்கும், பறந்து போகாது. பாரத்தைக் கயிறு தாங்கட்டும், நாம் செய்த உருப்படி வழிகாட்டினால் போதும்.

ஏப்ரல் 7

இது நம் கண்டுபிடிப்பு இல்லை. பழைய மரக்கப்பிகளைப் பாருங்கள், சுற்றிலும் தார் பூசிய கயிறு இருக்கும். பாரத்தின் பெரும் பங்கு அந்தக் கயிற்றில்தான், மரக்கூடு உருளைக்கு உறை. கூடு எல்ம் மரத்தில், உருளை லிக்னம் வைட்டே மரத்தில். அந்த மரம் தண்ணீரில் மூழ்கும் அளவு கனம், உள்ளே பிசின் இருப்பதால் தானே எண்ணெய் போட்டுக்கொள்ளும். பாரம் அதிகமில்லாத இடத்தில் உருளையே இல்லாமல் துளையிட்ட மரக்கட்டையை மட்டும் கட்டிவைத்தார்கள். இன்றைய அலுமினிய வளையத்துக்கு அதுதான் பாட்டி.

பிரிட்டிஷ் கடற்படைக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் கப்பி தேவைப்பட்ட காலத்தில், மார்க் பிரூனல் வடிவமைக்க, ஹென்றி மாட்ஸ்லே இயந்திரங்களைச் செய்துகொடுக்க, போர்ட்ஸ்மவுத்தில் கப்பி ஆலை வந்தது. 1808 வாக்கில் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள். 110 தச்சர்கள் செய்த வேலையை 10 பேர் செய்தார்களாம். இயந்திரங்களை வரிசையாக வைத்து ஒரே பொருளை ஆயிரக்கணக்கில் செய்த முதல் ஆலைகளில் ஒன்று, அதுவும் நாம் திட்டிக்கொண்டிருக்கும் இந்தக் கப்பிக்காக.

ஏப்ரல் 8

லிக்னம் வைட்டே எங்கே கிடைக்கும் என்று கேட்காதீர்கள். பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள மரம். காய் நறுக்கும் பலகையையே வெட்டிக்கொண்டிருங்கள்.

மே 10

வந்த யோசனைகளில் சில. சைக்கிள் கியரின் குட்டிச் சக்கரம்: பள்ளம் சங்கிலிக்கானது, பற்கள் கயிற்றைக் கடிக்கும். ஸ்கேட் சக்கரத்தின் பேரிங்: சாதாரண எஃகு, உப்புநீரில் ஒரு வாரத்தில் துரு, இரண்டாவது வாரத்தில் நகைக்கடைப் பெட்டி மாதிரி திறக்கவே திறக்காது. மலையேறுபவர்களின் கப்பி: பாரம் நன்றாகத் தாங்கும், ஆனால் உள்ளே புஷ், அதாவது ஆணியைச் சுற்றி நிற்கும் குழல், எதில் செய்தது என்று பாருங்கள். வெண்கலப் புஷ் என்றால் நன்னீரில் கழுவிக் கழுவி ஓட்டலாம், நான் இரண்டு வைத்திருக்கிறேன்.

பேரிங் என்றாலே உயர்வு என்று நினைக்கவேண்டாம். குண்டு பேரிங் ஓடிக்கொண்டே இருக்கும் இடத்துக்கு. பெரும் பாரத்தில் அசையாமல் நாள்கணக்கில் நின்றால் பிளாஸ்டிக் குண்டுகள் நசுங்கித் தட்டையாகும், அங்கே வெறும் புஷ்தான் நல்லது.

அப்புறம் வெப்பம். டைனீமா 150 டிகிரியை எட்டும் முன்பே உருகும், பாலியெஸ்டர் 250 தாண்டும். வளையத்தில் டைனீமாவைப் பாரத்தோடு சரசரவென்று ஓடவிட்டால் பளபளவென்று மெழுகு பூசினாற்போல ஒரு தடம் விழும். அது அழகு இல்லை, மேலிழை உருகியிருக்கிறது. என் கயிற்றில் ஓரிடத்தில் விரலால் தடவினால் கண்ணாடி மாதிரி இருக்கிறது, அதை வெட்டி எறியவேண்டும், மனசு வரவில்லை.

மே 11

வெட்டிவிட்டேன்.

ஜூலை 20

கழற்றிக் கழுவும்போது கவனித்தவை. வளையத்தில் அனோடைஸ் பூச்சு போய் வெள்ளை உலோகம் தெரிகிற இடம் மணல் போன இடம். கயிறு மணலைக் கூட்டி வந்து தேய்க்கிறது, வளையத்தைவிடக் கயிற்றைத்தான் கழுவவேண்டும். அலுமினியப் பாய்மரத்தில் எஃகுத் திருகாணி இறங்கிய இடத்தில் வெள்ளைப் பொடி, இரண்டு உலோகமும் உப்புநீரில் சண்டை. கழற்றி, லானோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) பசை தடவி, நடுவே பிளாஸ்டிக் வட்டு வைத்து மாட்டினேன். ஒரு திருகாணி வரவே இல்லை, துளையிட்டு எடுத்தேன், அரை நாள் போனது.

ஆகஸ்ட் 3

கேள்வி கேட்ட தம்பி படம் அனுப்பியிருக்கிறார். அவர் படகில் 12 கப்பி இருந்ததாம், இப்போது வாங்கியது நான்கு: தாமானுக்கு மூன்று, உச்சிக்கு ஒன்று. மற்ற எட்டு இடத்திலும் வளையம். கட்டுகள் என்னுடையதைவிட நேர்த்தியாக இருக்கின்றன. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தம்பி, இடது பக்கம் முன்பாய்த் தாமான் திரும்பும் வளையத்தில் கட்டு நான்கு சுற்றுதான் இருக்கிறது, வலதில் ஆறு. இன்னும் இரண்டு சுற்றிவிட்டுக் கடலுக்குப் போங்கள்.